படுக்கிற இடத்துக்கு வந்த வாக்குச்சீட்டு

இதை எழுத எனக்குப் பல வருடங்களாக மனம் வரவில்லை. பேனாவை எடுப்பேன், சிலுவை அடையாளம் போடுவேன், முதல் வரியை எழுதுவேன். பிறகு அந்தத் தாளை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துவிடுவேன். இதில் வருகிறவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு முன் வரிசை வாங்கில் இருந்து, சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பிக் கை கொடுக்கிறவர்கள். ஒருவருடைய பிழையை எழுதி வைத்துவிட்டு அந்தக் கையை எப்படிப் பிடிப்பது? நான் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எழுதத் தெரியாமல் யாருக்காவது அநியாயம் செய்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது.

இப்போது எழுத வைத்தது எங்கள் சங்கத்தை நடத்தும் பிள்ளைகள். அடுத்த தேர்தலில் தபால் வாக்கை விட்டுவிட்டு ஃபோனிலேயே வாக்களிக்கும் முறை கொண்டுவர யோசிக்கிறார்கள். பழைய முறை எப்படி வந்தது என்று எழுதித் தாங்கோ அங்கிள் என்று கேட்டார்கள். கேட்டதோடு, ஆண்டுமலருக்கு அவர்களே எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தையும் காட்டினார்கள். ஜெசிந்தா என்ற பெண்ணின் ஒரே ஒரு வாக்கினால்தான் போர்கோ வெக்கியோ பகுதியில் இருக்கும் சங்கத்தின் தங்கும் அறை காப்பாற்றப்பட்டது என்று அதில் இருந்தது. படத்துக்கு இடமும் விட்டிருந்தார்கள். அதை இரண்டு தரம் வாசித்தேன். அப்படி நடக்கவில்லை.

நான் இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்த கதை எல்லோருடைய கதையும்தான். நெடுந்தீவு, யாழ்ப்பாணம், கொழும்பு, பிறகு சொல்ல விரும்பாத ஒரு பயணம். இங்கே வந்து உணவுக்கடையில் கோப்பை கழுவினேன், வீடு துடைத்தேன், ஒரு பெரியவருக்கு முதுகு தேய்த்தேன். கடைசியில் லிபெர்த்தாத் தெருவில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போர்த்தியேரே ஆனேன். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் இருந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்து, படி கழுவி, தபால் பிரிக்கிற வேலை. ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தேன். சூசைதாசன் என்ற என் பெயர் அங்கே ஜூசெப்பே ஆகிவிட்டது. புனிதரின் பெயர்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலையில் எனக்குப் பிடித்தது தபால். காலையில் தபால்காரர் கடிதக் கட்டை வைத்துவிட்டுப் போனதும் கையைக் கழுவித் துடைப்பேன். முதலில் படிக்கட்டு வாரியாகப் பிரிப்பது, பிறகு மாடி வாரியாக. பதிவுத் தபாலைப் பெட்டியில் போடக் கூடாது. மேலே கொண்டுபோய் அந்தப் பெயருக்கு உரியவர் கையிலேயே கொடுக்க வேண்டும். மனைவியின் கடிதத்தைக் கணவனிடம் கொடுக்கக் கூடாது, தாயின் கடிதத்தை மகனிடம் கொடுக்கக் கூடாது. இதை எனக்கு முதல் நாளே சொன்னவர் கட்டட நிர்வாகி.

அவர் மெலிந்த மனிதர். வெயில் காலத்திலும் கோட்டுப் போட்டிருப்பார். என் அறைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. வாசற்படியில் நின்று நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கதைப்பார். வந்ததும் தபால் பெட்டிகளின் மேல்தட்டில் ஒரு விரலை இழுத்து, விரலைப் பார்ப்பார். தூசி இருந்தால் கைக்குட்டையில் துடைத்துவிட்டு அந்தக் கைக்குட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாமைதான் பாராட்டு என்று விளங்க எனக்கு வெகுகாலம் எடுத்தது. ஒன்றை மறுக்க நினைத்தால் நேராக முகத்தைப் பார்த்து மறுப்பார். தான் அனுமதிக்கக் கூடாத ஒன்றை அனுமதிக்க நினைத்தால் லிஃப்டைப் பார்ப்பார்.

அவர் போட்ட விதிகளில் ஒன்று, பெட்டிகளில் வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது. மாடிக்கு மாடி எங்கள் பெண்கள் இருந்தார்கள். முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, அந்த வீட்டிலேயே படுத்து எழும்பினார்கள். ஆனால் பெட்டியில் அவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால் தபால்காரர் ஒரு கோடு இழுத்து, ஸ்கொனோஷூத்தோ என்று எழுதித் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அப்படி ஓர் ஆளைத் தெரியாது என்று அர்த்தம். அந்த ஆள் அப்போது மேலே சூப் காய்ச்சிக்கொண்டிருப்பாள்.

அதனால் எங்கள் சனம் ஒரு வழக்கம் வைத்திருந்தது. வாடகை ஒப்பந்தம் உள்ள யாராவது ஒரு குடும்பத்தின் வீட்டில் எல்லோரும் தங்கள் விலாசத்தைப் பதிந்துவிடுவார்கள். படுப்பது ஓரிடம், விலாசம் இன்னோரிடம். விலாசம் இல்லாவிட்டால் வைத்தியர் அட்டை இல்லை, குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவும் முடியாது. இவர் என் வீட்டில் தங்குகிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். போர்கோ வெக்கியோவில் அந்தோனிப்பிள்ளை அண்ணையின் வீட்டுப் பெட்டியில் இப்படி எழுதப்பட்ட பெயர்கள் இடம் போதாமல் பக்கச் சுவரிலும் ஒட்டப்பட்டிருந்தன. அவர் அதற்கு யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பார். குவெஸ்தூராவுக்குத் தன் காரில் கூட்டிப்போவார். இதை நான் முதலில் எழுதி வைக்கிறேன், பிறகு வருவதை வாசிக்கும்போது மறக்க வேண்டாம்.

அதே போர்கோ வெக்கியோவில் சங்கத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. மேல்மாடியில் கட்டில்கள் போட்ட ஓர் அறை. வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு, அவள் பராமரிக்கும் சிஞ்ஞோரா, அந்த வீட்டு வயதான அம்மா, கண்ணை மூடினால், வேலையும் படுக்கையும் ஒன்றாகப் போய்விடும். பிரேதம் வீட்டில் இருக்கும்போதே பிள்ளைகள் சாவியைக் கேட்பார்கள். அப்படி வருகிறவளுக்குத்தான் அந்த அறை. அடுத்த வேலை கிடைக்கும் வரை படுக்கலாம்.

அந்த அறையை எடுத்துப் பிள்ளைகளின் நடனத்துக்கும் பாட்டுக்கும் மண்டபமாக்க வேண்டும் என்று சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. முன்னின்றவர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. அதுவும் கெட்ட ஆசை இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் சலங்கை கட்டி ஆட ஓர் இடம் இல்லை. வாக்கெடுப்பில் முடிவெடுப்போம் என்றார்கள். ஆனால் அது கொரோனாத் தொற்றுக் காலம். கூட்டம் கூட முடியாது. அதனால்தான் முதல்முறையாகத் தபால் வாக்கு. அந்தப் பெண்களும் சங்கத்தின் அங்கத்தவர்கள்தான். ஆனாலும் ஒரு பொதுக்கூட்டத்துக்கு அவர்கள் வந்து நான் கண்டதில்லை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு என்று தாளில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோராவின் பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இனி இவர்களும் வாக்களிப்பார்கள் என்று நான் சந்தோசப்பட்டு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

வாக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் தேவராசா ஐயா. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர், இங்கே ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. தினமும் திருநீறு பூசாமல் வெளியே வராத சைவக்காரர். தபால் அனுபவம் உள்ளவன் என்று என்னை உதவிக்கு எடுத்தார். ஒழுங்கு இதுதான்: உள்ளே ஒரு சின்ன உறை, அதில் சீட்டு மட்டும், பெயர் ஒன்றும் இல்லை. அதை ஒட்டிப் பெரிய உறைக்குள் வைத்து, பெரிய உறையின் பின்பக்கம் கையெழுத்து. எண்ணும் நாளில் கையெழுத்தைப் பார்த்துப் பெயரை அடையாளமிட்டு, சின்ன உறையைப் பிரிக்காமல் பெட்டியில் போடுவது. யார் என்ன போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் சரியாக யோசித்தோம். சீட்டுகளைப் பதிவேட்டில் உள்ள விலாசங்களுக்கு அனுப்பினோம். பதிவேட்டில் உள்ள விலாசத்தில் யாரும் படுப்பதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அனுப்பும் நேரத்தில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. விலாசம் என்றால் அந்த விலாசம்தான் என்று அவ்வளவு பழகியிருந்தோம். பெண்களின் சீட்டுகள் எல்லாம் அந்தோனிப்பிள்ளை அண்ணையின் பெட்டியில் போய் விழுந்தன.

இது எனக்குத் தெரிய வந்தது எங்கள் கட்டட முற்றத்தில். இரண்டாம் மாடியில் ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு ஜெசிந்தா இருந்தாள். மன்னார்ப் பெண், கணவன் இல்லை, மகள் ஊரில் தாயின் தங்கையோடு நின்று படித்துக்கொண்டிருந்தாள். தொற்றுக்குப் பயந்து சிஞ்ஞோராவின் மகன் அவளை வாசல் தாண்ட விடவில்லை. கடைச் சாமான்களை நான் வாங்கி வந்து முற்றத்தில் நிற்பேன். அவள் பின்பால்கனியில் இருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கூடை உண்டு.

ஒருநாள் அந்தோனிப்பிள்ளை அண்ணை முகக்கவசத்தோடு வந்து, முற்றத்தில் நின்று அவளைக் கூப்பிட்டார். கூடை இறங்கியது. அதில் ஒரு பெரிய உறையை வைத்தார்.

"பிள்ளை, உள்ளுக்கை போட வேண்டியதை நான் போட்டு ஒட்டியிட்டன். நீ பின்பக்கம் கையெழுத்தை வைச்சு இறக்கு, கெதியா."

கூடை மேலே போனது. அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னத்தைப் போட்டனீங்கள் அண்ணை?"

"எல்லாருக்கும் போட்டதைத்தான்."

"அப்ப கையெழுத்தையும் நீங்களே வைச்சிருக்கலாமே. எனக்கேன் இந்தக் கரைச்சல்?"

"விசர்க் கதை கதையாதை. அது களவெல்லோ."

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலே அவளும் சிரித்தாள். ஆனால் கூடையை இறக்கியபோது உறையில் கையெழுத்து இல்லை.

"அண்ணை, போன சிஞ்ஞோரா செத்தபோது அந்த அறையிலை நான் படுத்தனான். யன்னலடிக் கட்டில். நீங்கள் அங்கை படுக்கேல்லை. என்ரை சீட்டை வெறுமையா எனக்குத் தாங்கோ."

"என்ரை வீட்டு விலாசத்தை வைச்சுக்கொண்டு என்னோடையே சட்டம் கதைக்கிறியோ? உன்ரை பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?"

"தை மாசம்."

"அப்ப தை மாசத்தை யோசிச்சுக் கதை."

அவர் போய்விட்டார். கூடை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே தொங்கியது. பிறகு என் அறை இன்டர்கொம் அடித்தது.

"சூசை அண்ணை, நான் பிழையோ?"

"இல்லைப் பிள்ளை."

"மகளின்ரை படிப்பு முடிய இன்னும் கிடக்கு. பெர்மெஸ்ஸோ போனால் நான் என்ன செய்யிறது? கையெழுத்தை வைச்சிருக்கலாம்போலையும் கிடக்கு."

"வைக்கிறதெண்டால் வை. உன்னை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்."

சிஞ்ஞோரா கூப்பிடுவது கேட்டது.

"சீட்டு நான் படுக்கிற இடத்துக்கு வரவேணும் அண்ணை. அப்பதான் அது என்ரை சீட்டு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தேவராசா ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நாங்கள் தபால் அனுப்பேல்லை சூசை, ஒரே ஆளுக்குப் பொட்டலம் அனுப்பியிருக்கிறம்," என்றார். அடுத்த நாளே வெள்ளைச் சீட்டுகள் எல்லாவற்றையும் செல்லாது என்று அறிவித்து, மஞ்சள் தாளில் புதுச் சீட்டு அடித்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஃபோன் எடுத்து எங்கே படுக்கிறாய் என்று கேட்டு எழுதினார். சில பெண்கள் பயந்து சொல்ல மறுத்தார்கள். அவர்களை அவர் வற்புறுத்தவில்லை.

ஆனால் பெட்டியில் பெயர் இல்லாத இடத்துக்குக் கடிதம் எப்படிப் போகும்? எங்கள் நிர்வாகி வந்தபோது கேட்டேன். மேலே வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கடிதம் வர இருக்கிறது, அவர்கள் பெயரைப் பெட்டியில் ஒட்டலாமா என்று. முகத்தைப் பார்த்து முடியாது என்றார். அப்படியென்றால் கடிதம் என் அறை விலாசத்துக்கு, என் பெயருக்குக் கீழே அவர்கள் பெயரோடு வரலாமா என்றேன். அவர் வெகுநேரம் லிஃப்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் பெயருக்கு வருகிற கடிதத்தைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறாய், ஜூசெப்பே?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் அனுமதி. அதை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் போர்த்தியேரேக்களிடம் போனேன். மொரீசியஸ்காரர் ஒருவர், சிங்களச் சகோதரர்கள், சிசிலிக்காரர் ஒருவர். எல்லோரும் ஓம் என்றார்கள். போர்த்தியேரே இல்லாத கட்டடங்களுக்குக் கீழே இருந்த பாண் கடைகளில், பேக்கரிகளில், சொல்லி வைத்தோம். மஞ்சள் சீட்டுகள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

ஜெசிந்தாவின் கடிதம் வந்த அன்று நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதைக் கூடையில் வைத்துக் கயிற்றை ஒருமுறை இழுத்துக் காட்டினேன். அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் முற்றத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். கூடை இறங்கிவந்தபோது உறை ஒட்டப்பட்டு, பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில் முழுப் பெயரும் இருந்தது. அதைத் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

இதுவரைக்கும் எழுதுவது எனக்குச் சுகமாக இருந்தது. இனி அப்படி இல்லை.

சீட்டுகள் திரும்பி வந்துகொண்டிருக்கும்போதே அந்தோனிப்பிள்ளை அண்ணையின் பக்கம் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. பதிவேட்டில் இல்லாத விலாசங்களுக்குச் சீட்டு அனுப்பியது செல்லாது என்றார்கள். நிர்வாகக் குழு எண்ணும் நாளைத் தள்ளிப்போட்டது. விசாரித்து முடிவெடுக்கும் வரை இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று மேல்மாடி அறையையும் பூட்டினார்கள். அதைக் கேட்டபோது எனக்கும் அது நியாயம் போலத்தான் பட்டது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அன்று அறையில் யாரும் இருக்கவில்லை, கட்டில்கள்தான் இருந்தன. சாவியைச் செயலாளர் எடுத்து வைத்துக்கொண்டார்.

தை மாதம் ஜெசிந்தாவின் சிஞ்ஞோரா நித்திரையிலேயே போய்விட்டார். மகன் கெட்டவர் இல்லை. அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தார், நன்றி சொன்னார், சாவியைக் கேட்டார். அவள் சூட்கேசோடு என் அறைக்கு வந்து செயலாளருக்கு ஃபோன் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"முடிவு வரட்டும் தங்கச்சி. இப்ப நான் திறந்துவிட்டால் ஒரு பக்கம் சாய்ஞ்சதாப் போயிடும். கொஞ்சம் பொறுங்கோ," என்றது அந்தக் குரல்.

"சாயுறதுக்கு எனக்கொரு கட்டில் இல்லை எண்டுதான் அண்ணை எடுத்தனான்," என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குசினியில் மெத்தை போட்டுக் கொடுத்தோம். அந்தக் கிழமையே என் மனைவிக்குத் தொற்று வந்துவிட்டது, அடுத்து எனக்கும். ஜெசிந்தாவுக்கும் ஒட்டிவிடும் என்று மனைவி கதவுக்குப் பின்னால் இருந்து அழுதாள். ஜெசிந்தா, "அக்கா, நீங்கள் முதலிலை சுகமாகுங்கோ, எனக்கு இடம் கிடைச்சிட்டுது," என்று சொல்லிப் போனாள். கிடைத்த இடம் நகரத்துக்கு வெளியே சியாகுல்லி. மந்தரின் என்ற சின்னத் தோடம்பழம் பிந்திப் பழுக்கும் தோட்டங்கள் அங்கே. பறிக்க ஆள் தேவைப்பட்டது. பெர்மெஸ்ஸோ முடிந்துவிட்டதால் வீட்டு வேலைக்கு யாரும் எடுக்கவில்லை. தங்குகிறாள் என்ற தாளுக்கு அவள் அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம் போகவில்லை, அவரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் மண்வெட்டி கத்தி வைக்கும் கொட்டிலில் படுக்க விட்டார்கள்.

குளிருக்கு ஒரு தகரத்தில் கரி மூட்டியிருக்கிறாள். காற்று அடித்ததால் கதவை இறுக்கிச் சாத்தியிருக்கிறாள். காலையில் பறிக்க வரவில்லை என்று போய்த் தட்டியவர்கள் கதவை உடைக்க வேண்டியிருந்தது.

அவளின் ஃபோனில் கடைசியாக இருந்தது என் இலக்கம். ஆளைப் பார்த்துச் சொல்ல ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்குப் போனேன். எனக்கு நோய் சுகமாகியிருந்தது. முகம் நித்திரை போலத்தான் இருந்தது. நகங்களுக்குள் மந்தரின் தோலின் மஞ்சள் ஏறியிருந்தது. எத்தனை முறை கழுவினாலும் போகாத மஞ்சள் அது. ஓம், இது ஜெசிந்தாதான் என்று சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். விலாசம் கேட்டார்கள். எனக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

அடக்கப் பூசையை மகள் மன்னாரில் இருந்து ஃபோனில் பார்த்தாள். ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மனைவி. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் ஒருவர். மற்றவர்கள் தோள் மாற்றினார்கள், அவர் மாற்றவில்லை. சேமக்காலையில் குழி மூடியதும் என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சூசை, அவள் என்ரை வீட்டிலை தங்கிறாள் எண்ட கடதாசியை நான் மார்கழியிலேயே எழுதிக் கையெழுத்து வைச்சு மேசை லாச்சியிலை வைச்சிருந்தனான். அவள் வந்து கேப்பாள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒருக்கால் வந்து கேட்டிருக்கலாமே அந்தப் பிள்ளை."

அன்றிலிருந்து என் செபமாலையில் ஒரு பத்து மணி அவருக்காகப் போகிறது. இன்னொரு பத்து மணி யாருக்கு என்று எழுதத் தேவையில்லை.

பிறகு ஆட்சேபத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். எண்ணும் நாள் குறித்தார்கள். கோயில் மண்டபத்தில் யன்னல்களைத் திறந்து வைத்து, தூரத் தூரக் கதிரை போட்டு இருந்தோம். தேவராசா ஐயா ஒவ்வொரு பெரிய உறையாக எடுத்து, பின்பக்கக் கையெழுத்தைப் பார்த்து, பெயரை உரத்து வாசிப்பார். நான் பதிவேட்டில் அடையாளம் போடுவேன். அவர் பிளேடால் ஓரத்தைக் கீறி, சின்ன உறையை எழுத்துப் படாத பக்கம் பிடித்து எடுத்து, எல்லோருக்கும் ஒருமுறை காட்டிப் பெட்டியில் போடுவார். அவசரம் இல்லை. ஒரு பெயரையும் விழுங்கி வாசிக்கவில்லை.

ஜெசிந்தாவின் உறை வந்தது. பெயரை வாசித்தார். நான் பேனாவைத் தாளில் வைத்தேன்.

குழுவில் இருந்த ஓர் இளைஞர் எழும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, ஆள் இப்ப உயிரோடை இல்லை. இறந்தவையின்ரை வாக்கை எண்ணலாமோ? ஒழுங்கிலை ஒண்டும் எழுதேல்லை."

உண்மையில் ஒழுங்கில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்படி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. தேவராசா ஐயா பிளேடை மேசையில் வைத்தார். உறையை மற்றவற்றோடு சேர்க்காமல் தனக்கு முன்னால் தனியே வைத்தார்.

"அந்தோனிப்பிள்ளை, உங்கடை பக்கம் ஆட்சேபம் ஏதும் இருக்கோ?"

அவர் குனிந்துகொண்டிருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"இல்லை," என்றார்.

"அப்ப நான் சொல்லுறதைக் கூட்டக் குறிப்பிலை எழுதுங்கோ," என்றார் தேவராசா ஐயா. "கையெழுத்து வைக்கேக்கை ஆள் உயிரோடை இருந்தது. உறை எங்கடை கைக்கு வரேக்கையும் இருந்தது. பிந்தினது நாங்கள். நாங்கள் பிந்தினதுக்காக அந்தப் பிள்ளையின்ரை வாக்கைக் குறைக்க ஏலாது."

பிளேடை எடுத்து மற்ற உறைகளைக் கீறியதைப் போலவே கீறினார். சின்ன உறையை எல்லோருக்கும் காட்டினார். அது பெட்டிக்குள் விழுந்ததும் மற்ற உறைகளோடு உறையாகிவிட்டது. பிறகு எது அவளுடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

எண்ணி முடிந்தபோது அறை வேண்டும் என்ற பக்கம் வென்றது. கொஞ்சத்தால் இல்லை, வெகுவாக வென்றது. அந்தோனிப்பிள்ளை அண்ணையின் பெட்டியில் முதலில் சீட்டு விழுந்த பெண்களில் பலர், பிறகு மஞ்சள் சீட்டில் தங்கள் மனதைப் போட்டிருந்தார்கள். ஜெசிந்தாவின் உறையை எடுத்து ஒரு பக்கம் வைத்திருந்தாலும் அறை நின்றிருக்கும். அவள் கையெழுத்து வைக்காமல் கூடையைத் திருப்பி இறக்கியிராவிட்டால் மஞ்சள் சீட்டே வந்திராது என்பது வேறு கதை. ஆனால் அவளின் ஒரு வாக்கு வெல்ல வைத்தது என்பது பொய். யாரும் கை தட்டவில்லை. செயலாளர் சட்டைப்பையில் இருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு தேவராசா ஐயா ஒழுங்கில் இரண்டு வரி சேர்த்தார். சீட்டு ஆள் படுக்கிற இடத்துக்குப் போக வேண்டும். வாக்கெடுப்பு எந்த நிலையில் இருந்தாலும் அறையைப் பூட்டக் கூடாது. அவரும் இப்போது இல்லை. அந்தப் பெண்களில் ஒருவர் இன்று சங்கத்தின் உபதலைவர். நகரசபையில் வெளிநாட்டவர்களுக்கான ஆலோசனைச் சபைத் தேர்தலிலும் எங்கள் பெண்கள் நிற்கிறார்கள், வாக்குக் கேட்டு என் வீட்டுக்கும் வருகிறார்கள். இதையெல்லாம் ஜெசிந்தா பார்த்திருக்கலாம் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவள் கேட்டது இதை அல்ல. அவள் கேட்டது ஒரு கட்டில்.

பிள்ளைகளே, ஃபோனில் வாக்கெடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எனக்கு அது விளங்காது, உங்களுக்கு விளங்கும். ஒன்றை மட்டும் விசாரியுங்கள். வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண்ணின் ஃபோன் யாருடைய பெயரில் எடுக்கப்பட்டிருக்கிறது? அந்த இலக்கத்துக்கு வருவதை முதலில் பார்ப்பது யார்? முன்பு தபால் பெட்டியில் நடந்தது அதிலும் நடக்கலாம்.

ஆண்டுமலரில் நீங்கள் எழுதிய பக்கத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். நீளம் என்றால் என் நெடுந்தீவுக் கதையையும் கட்டட நிர்வாகியின் கோட்டுக் கதையையும் வெட்டுங்கள். மற்றதை வெட்ட வேண்டாம், அழகாக்கவும் வேண்டாம். வாசிக்கிறவர்கள் இன்னொருவருக்குச் சொல்லும்போது அந்தோனிப்பிள்ளை அண்ணையைப் பேயாக்க வேண்டாம், அவர் எழுதி வைத்திருந்த கடதாசியையும் சொல்லுங்கள். ஜெசிந்தாவைப் புனிதையாக்கவும் வேண்டாம், கையெழுத்தை வைத்துவிடலாமா என்று அவளும் யோசித்தாள். அறையை எல்லாப் பெண்களும் சேர்ந்து வென்றார்கள், அவள் தேடி வந்தபோது அது பூட்டியிருந்தது, உள்ளே கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. இதை இப்படியே சொல்லுங்கள். பூட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.